காஞ்சியில் என் மகள் படிக்கிறாள்

"மகள் காஞ்சிபுரத்தில் படிக்கிறாள்" என்று சொன்னால் போதும், தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ உங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு பட்டுப் புடவை நிச்சயம்!" என்பதுதான். அடுத்தது, "காமாட்சியை நினைச்சபோதெல்லாம் பார்க்கலாம், கொடுத்து வெச்சவங்க" என்பது. இரண்டுமே நியாயமான பேச்சுதான். நாமெல்லாம் காஞ்சிக்குப் போவது இந்த இரண்டு காரியத்துக்காகத்தானே? காலையில் நாலு கோயில், மத்தியானம் ஜவுளிக்கடை, சாயங்காலம் பஸ்.

ஆனால் பிள்ளை ஓர் ஊரில் தங்கிப் படிக்கும்போது அந்த ஊர் நமக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது. இரண்டு வருஷமாக மாதம் ஒரு முறை, முறுக்கு டப்பாவும் பருப்புப்பொடியுமாக விழுப்புரத்திலிருந்து கிளம்பி, செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கி, வாலாஜாபாத் வழியாக பஸ்ஸில் போய்க் கொண்டிருக்கிறேன். இப்படிப் போய்ப் போய் நான் தெரிந்துகொண்ட காஞ்சியைச் சகோதரிகளுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

படிக்க வந்தவர்களின் ஊர்

காஞ்சிக்குப் படிக்கப் பிள்ளைகளை அனுப்புவது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. பல்லவர் காலத்தில் இங்கே 'கடிகை' என்ற பெரிய கல்விச்சாலை இருந்தது. கர்நாடகத்தில் தாளகுண்டா என்ற ஊரில் ஒரு கல்தூண் கல்வெட்டு இருக்கிறது. மயூரசர்மன் என்ற இளைஞன் தன் குரு வீரசர்மருடன் அங்கிருந்து காஞ்சிக் கடிகைக்கு வேதம் படிக்க வந்த கதையை அது சொல்கிறது. வந்த இடத்தில் பல்லவர்களின் குதிரை வீரன் ஒருவனோடு சண்டை. படிப்பை விட்டுவிட்டுக் கத்தியை எடுத்த அந்தப் பையன்தான் பின்னால் கதம்ப வம்சத்தை நிறுவினானாம். இது நான்காம் நூற்றாண்டுச் சங்கதி. பிள்ளை வெளியூரில் யாரோடும் வம்புக்குப் போகாமல் இருக்க வேண்டுமே என்ற தாயின் கவலைக்கு வயது ஆயிரத்து அறுநூறுக்கும் மேல் என்று நினைத்துக் கொண்டேன்.

நம் காலத்துக்கு வந்தால் அறிஞர் அண்ணா. 1909 செப்டம்பர் 15-ல் இதே ஊரில் நெசவாளர் மரபில் பிறந்தவர். காஞ்சி பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். குடும்பக் கஷ்டத்துக்காக நடுவில் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகவும் வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை முடித்து, 1967-ல் முதலமைச்சரானார். அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லம். குழந்தைகளோடு போகிறவர்கள் கோயில்களுக்கு நடுவில் கால்மணி நேரம் ஒதுக்கி அதையும் காட்டுங்கள்.

தறிச் சத்தத்தில் விடியும் வீடு

என் மகள் விலங்கியல் படிக்கிறாள். ஹாஸ்டலில் இடம் கிடைக்காததால் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். அந்த வீட்டுப் பெண்ணும் அதே கல்லூரியில் பி.காம். படிப்பதால் துணைக்குத் துணை. வீட்டுக்கார அம்மா என்னை "அக்கா" என்பார். என் மகள் அவரை "அத்தை" என்று கூப்பிட ஆரம்பித்து, இப்போது ஊருக்கு வந்தால்கூட "அத்தை அப்படிச் சொன்னாங்க, இப்படிச் சொன்னாங்க" என்று ஒரே அத்தை புராணம்தான்.

அங்கே அலாரம் வேண்டியதில்லை. விடியுமுன்னே கோயில் மணி கேட்கும். வெயில் ஏறுவதற்குள் தெருவின் நீளத்துக்கும் பாவு விரித்து, நாலைந்து பேர் நின்று இழை அறுந்த இடங்களைச் சரி பார்ப்பார்கள். பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று தெருவே நிறம் மாறி நிற்கும். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்கூட பாவின் ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகும். ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வீடு 'டக், டக்' என்று தறி பேச ஆரம்பித்துவிடும். "முதல் மாசம் இந்தச் சத்தத்துல படிக்கவே முடியலைம்மா. இப்போ சத்தம் நின்னாத்தான் என்னாச்சுன்னு புத்தகத்தை மூடிட்டு எட்டிப் பார்க்கிறேன்" என்கிறாள் மகள்.

காலை ஆகாரம் இட்லி, இல்லாவிட்டால் முளைகட்டிய பயறும் ஒரு வாழைப்பழமும். பயறு முளைகட்டும் வேலையை நான்தான் கற்றுக்கொடுத்தேன். அடுப்பு இல்லாத அறையில் தங்கும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமான சத்துணவு கிடையாது. ராத்திரி ஊறவைத்து, காலையில் வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை வந்துவிடும். சும்மா ஆவியில் காட்டிச் சாப்பிட்டால் வயிற்றுக்கும் நல்லது. விசேஷ நாட்களில் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி. அது நம் வீட்டு இட்லி போல இல்லை. பச்சரிசியும் உளுந்தும் கரகரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய நீளமான மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் வேகவைப்பது. சுக்கும் மிளகும் இருப்பதால் மழைக்காலத்தில் சாப்பிட இதமாக இருக்கும்.

மாலை கல்லூரி விட்டால் இரண்டு பெண்களும் சில நாள் கைலாசநாதர் கோயில் பக்கம் போவார்கள். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லில் கட்டியது. சுற்றிலும் 58 சிறு சன்னிதிகள். கூட்டம் இல்லாத கோயில், வாசலில் புல்வெளி. ஒருத்தி கணக்குப் பாடம், இன்னொருத்தி தவளையின் இதயம் என்று மனப்பாடம் செய்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

கிளியும் கூகையும் பல்லியும்

விலங்கியல் படிக்கிற பெண் அல்லவா, ஒரு நாற்பது பக்க நோட்டில், பார்த்த பிராணிகளையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கிறாள். நான் போனால் முதலில் அதைத்தான் காட்டுவாள். ஊர் நடுவில் இவ்வளவா என்று எனக்கு ஆச்சரியம். கோபுரத்துப் பொந்துகளில் கிளிகள் குடும்பம் நடத்துகின்றன. 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரத்தை அந்தி நேரத்தில் அண்ணாந்து பாருங்கள். கிளிக்கூட்டம் கீச்சுக்கீச்சென்று அடையும், அதே சமயம் வௌவால்கள் கிளம்பும். பகல் ஷிப்டு முடிந்து ராத்திரி ஷிப்டு ஏறுகிற மாதிரி இருக்கும். வெள்ளை முகக் கூகை ஒன்றைக் கோயில் மதில்மேல் மூன்று முறை பார்த்ததாக எழுதியிருக்கிறாள். கூகையைக் கண்டால் அபசகுனம் என்போம். "அது எலியைப் பிடிக்கலைன்னா ஊரே எலிதான் அத்தை" என்று இவள் வீட்டுக்கார அம்மாவுக்குப் பாடம் நடத்த, "எங்க நூலைக் கடிக்கிற எலியா? அப்போ இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டாராம்.

நோட்டில் 'பல்லி' என்று ஒரு தனிப் பக்கம். வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் தொட்டுக் கும்பிடாதவர் யார்? கௌதம முனிவரிடம் படித்த இரண்டு சீடர்கள், தீர்த்தக் குடத்தில் பல்லி இருப்பதைக் கவனிக்காமல் கொண்டுவந்து சாபம் வாங்கினார்கள் என்பது தலபுராணம். "லேப்ல கவனக்குறைவா இருந்தா என்ன ஆகும்னு எங்களுக்குச் சொன்ன கதைம்மா" என்கிறாள்!

மழைக்காலத்துப் பக்கம்தான் என் மனசில் நின்றது. "ஐப்பசி. தறிக்குழியில் இரண்டு தவளைகள்" என்று ஒரே வரி. நெசவாளர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்குத் தரையில் தோண்டியிருக்கும் பள்ளம்தான் தறிக்குழி. அடைமழையில் அதில் நீர் ஊறிவிடும். பாவும் ஈரம் குடித்துவிடும். தவளைக்குக் கொண்டாட்டம், அந்த வீட்டுக்கு வருமானம் இல்லை.

பக்கத்தில் உட்கார ஒரு ஆள்

காஞ்சிப் புடவையின் அழகே உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக இருப்பது. இதைக் 'கோர்வை' என்கிறார்கள். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவருக்கு இருப்பது இரண்டு கைதானே? அதனால் ஒரு ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு இழைக்கும் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த முந்தானையை வேறு நிறத்தில் இணைப்பது 'பேட்னி'. பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புது இழையைக் கையால் முறுக்கிச் சேர்க்கும் வேலை. கடையில் மடிப்புப் பிரித்துப் போடும் போது நமக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது?

பக்கத்தில் உட்காரும் அந்த இன்னொருவர், ஒரு காலத்தில் அநேகமாக வீட்டுப் பிள்ளைதான். சின்னக் கை, சின்ன இடம், கூலியும் தர வேண்டாம். வீட்டுக்கார அம்மாவே சொன்னார்: "ஒன்பது வயசுல எங்கப்பா தறியில உட்கார்ந்தேன் அக்கா. மூணாவதோட ஸ்கூல் நின்னுடுச்சு. இன்னிக்கும் பஸ் போர்டு எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனா அஞ்சு விரல்ல நூலைத் தொட்டா எத்தனை இழைன்னு சொல்லிடுவேன்."

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள்ளே குடும்பத்தோடு செய்கிற தொழிலுக்கு அதில் விலக்கு இருந்தது. 2010 ஏப்ரலில் கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016 திருத்தத்தில் பதினாலு வயதுக்குக் குறைந்தவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றானது, பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவலாம் என்ற சலுகையோடு. சட்டம் ஒரு பக்கம் இருக்க, மதிய உணவு ஒரு பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது. அந்த வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் விழுந்தது. "என் வயித்துல பொறந்தது காலேஜ் போகுது, அதுக்கு கவர்மெண்டே காசு தருது" என்று சொல்லும்போது அந்த அம்மாவின் குரலே மாறிவிடும்.

இப்போது பக்கத்தில் உட்காருவது அந்த அம்மாதான். காலையிலிருந்து மாலை வரை ஒரே கையால் தள்ளித் தள்ளித் தோள்பட்டையில் ஓயாத வலி.

ஒரு புடவையின் நாள்

என் அண்ணன் மகளுக்குக் கார்த்திகையில் கல்யாணம் நிச்சயமானது. தெரிந்த வீட்டிலேயே நெய்து வாங்கலாமென்று நான்தான் ஆடியில் சொல்லி வைத்தேன். அரக்கு உடல், பச்சைக் கரை, அசல் கோர்வை. முந்தின வேலையெல்லாம் முடிந்து ஐப்பசியில் எங்கள் பாவு தறி ஏறியது. ஏறின இரண்டாம் நாள் பிடித்தது மழை. எட்டு நாள் தறி நின்றது. மழை விட்டபோது அந்த அம்மாவால் கையைத் தூக்கவே முடியவில்லை. டாக்டர், மூன்று வாரமாவது தோளுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டார். பெண்ணுக்கோ செமஸ்டர் பரீட்சை ஆரம்பம்.

அந்தச் சனிக்கிழமை நான் அங்கே இருந்தேன். வீட்டுக்காரர் மெதுவாகத்தான் சொன்னார்: "சொன்ன நாளுக்குக் குடுத்தாகணும். பாப்பா ராத்திரியில ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தா போதும்."

"பரீட்சைக்கு நடுவுலயா?" என்றார் அம்மா.

"கல்யாணப் புடவை ஆச்சே."

"எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒரு கல்யாணப் புடவைக்குன்னுதான் உட்கார வெச்சாங்க. அதுக்கப்புறம் ஸ்கூல் பக்கமே போகலை."

அவர் பதில் பேசவில்லை. அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண் பிளஸ் டூ பாஸ் பண்ணின அன்றைக்குத் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தவர் அவர். வாங்கின முன்பணத்துக்கும் கொடுத்த வாக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார். அந்த நாளைக் குறித்தது அவரல்ல, எங்கள் வீட்டு ஜோசியர்.

நான் மாடிக்குப் போய் அண்ணிக்கு போன் செய்தேன். "அண்ணி, கூறைப் புடவையை கூட்டுறவு சங்கக் கடையில பார்த்து எடுத்துடலாம். இதைத் தையில வாங்கிக்கலாம்."

"முகூர்த்தத்துக்கு இல்லாத புடவை எதுக்கு? நம்ம வீட்டுப் பொண்ணுக்குன்னு நெய்யறது ஆச்சே" என்று அண்ணி வருத்தப்பட்டார். அதுவும் நியாயந்தானே? ஒரே பெண். நான் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பரீட்சை எப்போ முடியுதாம்?" என்று கேட்டார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

கீழே வந்து சொன்னபோது அந்தப் பெண் சொன்னதையும் எழுத வேண்டும். "எனக்குத் தறி பிடிக்கும் ஆன்ட்டி. லீவுல நானேதான் உட்காருவேன். பரீட்சையை விட்டுட்டு உட்காரச் சொன்னாத்தான் முடியாது." பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு நிறையப் பேர் போகிறார்களே, நீயும் போவாயா என்றேன். கணக்குப் படித்து ஏதாவது நெசவாளர் சங்கத்தில் வேலைக்குச் சேரவேண்டும் என்பது அவள் ஆசை. "அப்பா நெய்யற புடவைக்கு அப்பாவுக்கு எவ்வளவு வருதுன்னு நானே எழுதுவேன்" என்றாள்.

பறவை வீடு

தைப் பொங்கலுக்குத் தறிக்கு ஓய்வு. என் கணவரும் மகனும் வந்திருந்தார்கள். ஒரு வேன் பேசிக்கொண்டு இரண்டு குடும்பமுமாக வேடந்தாங்கல் போனோம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் வீட்டுக்கார அம்மா அதுவரை பார்த்ததில்லை.

சுமார் 30 ஹெக்டேர் ஏரி. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் கடப்ப மரங்களில் இலை தெரியாமல் பறவைகள். மகள்தான் வழிகாட்டி. அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி இருப்பது நத்தைகுத்தி நாரை, அகப்பை மாதிரி அலகு இருந்தால் கரண்டிவாயன், கழுத்தை மட்டும் பாம்பு போல் நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. கூழைக்கடாவின் குஞ்சு தாயின் வாய்க்குள் தலையையே விட்டு மீன் எடுத்தது. "நம்ம பிள்ளைங்க பரவாயில்லை அக்கா" என்று வீட்டுக்கார அம்மா சொல்ல, எல்லாரும் சிரித்தோம்.

இந்தப் பறவைகள் பிழைத்ததே கிராமத்தாரால்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட ஆரம்பித்தபோது இவர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-ல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 1936-ல் இது சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 2022-ல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. குஞ்சு பொரித்து வளர்த்துப் பறக்கவிடும் வரைதான் இவற்றுக்கு இங்கே வாசம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போனால் ஏமாற்றம் இருக்காது. காலை ஆறரைக்குள் அல்லது மாலை நாலுக்கு மேல் நல்லது. குழந்தைகளுக்குத் தொப்பியும் குடிதண்ணீரும் மறக்காதீர்கள். திரும்பும் வழியில் மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமரையும் தரிசித்தோம். ஏரிக்கரையைக் காத்த அந்தக் கதையிலும் வருகிற கலெக்டர் இதே பிளேஸ்துரைதான்.

புடவை மாசியில் முடிந்தது. அண்ணன் மகளின் வளைகாப்புக்கு அதைத்தான் உடுத்தப் போகிறாள்.

காஞ்சிக்குப் பட்டெடுக்கப் போகும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06-ல் கிடைத்தது. பட்டு அசல்தானா என்பதற்கு, 2004-ல் வந்த 'சில்க் மார்க்' சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நூல் ஒன்றை எரித்தால் முடி கருகும் வாசனை வரவேண்டும், சாம்பல் விரலில் பொடியாக வேண்டும். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். நெசவாளரிடம் நேரே சொல்லி நெய்வதானால் முகூர்த்தத்துக்கு மூன்று மாதமாவது முன்னால் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நாள் குறிக்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: "உங்க வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரீட்சை எப்போ?" அவர்கள் முதலில் கொஞ்சம் திகைப்பார்கள். பிறகு சந்தோஷமாகத் தேதி சொல்வார்கள்.